இரும்பை வெட்டும் முன் ஒரு வரி: பழம்வாகனச் சங்கத் தொழில்நுட்பக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆய்வு நாளில் நீங்கள் நால்வரும் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்ததும், பிறகு என் கையில் கொடுத்த தாளில் "அடிச்சட்டம் இந்த எஞ்சினுக்கு ஏற்றதன்று" என்று நான்கே சொற்களில் முடிவைத் தெரிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. முடிவு சரியானதுதான். இருபத்தாறு மாதங்களுக்கு முன்பும் அது அதே அளவுக்குச் சரியாகவே இருந்திருக்கும் என்பதுதான் என் மனக்குறை. அன்று நான் கொடுத்த முதல் விண்ணப்பத்தின் ஓரத்தில் உங்கள் குழுவின் கையெழுத்தோடு இருக்கும் குறிப்பையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்: "ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்த வண்டி. நீளம் போதும். ஆட்சேபம் இல்லை."

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய எஞ்சினுக்காகப் பழைய வண்டியைத் தேடும் உறுப்பினருக்கு, அந்த வண்டி அதைத் தாங்குமா என்ற உங்கள் பதில், இரும்பு வெட்டப்படுவதற்கு முன்பே, அளந்து பார்த்து, எழுத்தில் வர வேண்டும்.

என் விஷயத்தில் எஞ்சின்தான் முதலில் வந்தது, வண்டி பிறகு தேடப்பட்டது. அது கம்மின்ஸின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல், 1989இல் டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் பொருத்தப்பட்டு வந்த அதே வகை. எடை ஏறத்தாழ அரை டன். முறுக்குவிசை சுமார் 540 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 2,000 சுற்றை எட்டும் முன்பே கிடைத்துவிடும். இத்தகைய எஞ்சினை வைத்துக்கொண்டு வண்டி தேடுகிறவர் தேட வேண்டியது அழகான உடலை அன்று, அடியில் இருக்கும் எலும்பை என்பது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரியாததால்தான் தெரிந்தவர்களிடம் கேட்டேன். நீங்கள் பானெட்டின் நீளத்தைக் கேட்டீர்கள், சொன்னேன். அனுமதித்தீர்கள். நானும் 1940களின் நான்கு கதவு சலூன் ஒன்றை வாங்கினேன்.

அந்தச் சலூனின் முன்கதவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எஞ்சின் இறங்கிய மறுநாள் காலையில் ஓட்டுநர் பக்கக் கதவைச் சாத்தினேன், மூடவில்லை. பூட்டின் நாக்கு அதன் குழிக்குக் கீழே இடித்து நின்றது. கீலில் குறை என்று நினைத்துத் திருகுகளைத் தளர்த்தி, கதவைத் தூக்கி, மறுபடி இறுக்கினேன். மூடியது. இரண்டு நாள் கழித்து மறுபடி இடித்தது. ஒரு மாலை வேறு ஏதோ வேலைக்காக முன்புறக் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கியை வைத்து ஏற்றியபோது, திறந்து கிடந்த கதவை முழங்கையால் தள்ளினேன். 'டக்' என்று புதுவண்டிக் கதவைப் போல மூடிக்கொண்டது. ஜாக்கியை இறக்கினேன், கதவின் மேல் இடுக்கு விரிந்தது. ஏற்றினேன், சுருங்கியது. அந்த இடுக்கில் ஒரு நாணயத்தைச் செருகிவிட்டு ஜாக்கியை ஏற்றி இறக்கி, நாணயம் இறுகுவதையும் தளர்வதையும் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. கீலும் குற்றமற்றது, பூட்டும் குற்றமற்றது. வண்டியின் முதுகெலும்பே நடுவில் வளைந்துகொண்டிருந்தது.

காரணத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் உங்கள் குறிப்பில் அது இல்லாததால் இங்கே எழுதுகிறேன். அந்தச் சலூனின் நீளச் சட்டங்கள் நம் 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்ததைப் போல ஒரு பக்கம் திறந்தவை. நேராக அழுத்தும் எடையை அவை ஓரளவு தாங்கும், முறுக்கினால் எளிதில் திருகிக்கொள்ளும். அதே தகட்டில் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவச் சட்டம் செய்தால் முறுக்கை எதிர்க்கும் வலிமை பன்மடங்கு கூடும். திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பற்றவைத்தால் சட்டம் பிழைக்கும் என்றார்கள், அதையும் செய்தேன். மூடிய பகுதி விறைத்தது. மூடாத பகுதி தொடங்கும் இடத்தில், பழைய ரிவெட் துளை ஒன்றின் விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியது. நீங்கள் ஆய்வு நாளில் டார்ச் விளக்கு அடித்துக் கண்டுபிடித்தது அதைத்தான். பாராட்டுகிறேன்.

இது மட்டுமா என்றால் இல்லை. இந்த எஞ்சினின் ஆயில் சம்ப், அதாவது அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி, ஆழமாக இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, ஸ்டீயரிங் திரும்பும்போது ஊசலாடும் இணைப்புக் கம்பி வந்தது. சம்பைக் காப்பாற்ற எஞ்சினை ஆறு சென்டிமீட்டர் உயர்த்தினேன். உயர்த்தியதால் பானெட்டைத் துளைக்க வேண்டி வந்தது. கியர்பாக்ஸும் உயர்ந்ததால் தரையை அறுத்து மேடு கட்ட வேண்டி வந்தது. அந்த மேடு ஆக்சிலரேட்டர் பெடலை நெருக்கியதில் இன்றும் என் வலது செருப்பின் விளிம்பு பிரேக் பெடலில் மாட்டுகிறது. ஒரு தவறான வண்டித் தேர்வு இப்படித்தான் வரிசையாகக் குட்டி போடும்.

முன் ஆக்சிலின் பாரத்தைக் குறைக்க எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளுங்கள் என்று உங்களில் ஒருவர் அன்போடு யோசனை சொன்னார். எஞ்சினையும் இருக்கைப் பகுதியையும் பிரிக்கும் முன்தடுப்பை வெட்டி இருபது சென்டிமீட்டர் தள்ளினேன். பிறகுதான் காகிதத்தில் கணக்குப் போட்டேன்: 500 கிலோ எஞ்சினை, சக்கர இடைவெளி 2.8 மீட்டர் உள்ள வண்டியில் 20 சென்டிமீட்டர் நகர்த்தினால், முன் ஆக்சிலிலிருந்து பின்னுக்குப் போவது ஏறக்குறைய 36 கிலோ. அந்த 36 கிலோவுக்காக, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துரு அண்டாமல் இருந்த முன்தடுப்பு வெட்டுப்பட்டு, டேஷ்போர்டு இடம் மாறி, என் முழங்காலுக்கு இருந்த இடமும் போயிற்று. கணக்குப் பென்சிலால் முடிந்திருக்க வேண்டிய வேலை கிரைண்டரால் முடிந்தது.

வேகத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த டீசல் 2,500 சுற்றுக்கு மேல் போக விரும்பாது. சலூனின் பின் ஆக்சில் விகிதம் 4.1, அதாவது நேர் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் 4.1 முறை சுற்ற வேண்டும்; டயரின் சுற்றளவு 2.2 மீட்டர். நேர் கியரில் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். பழைய எஞ்சின் 3,600 சுற்றில் அதே ஆக்சிலைக் கொண்டு 115ஐத் தொட்டது. பெரிய எஞ்சின் வைத்து வண்டியை மெதுவாக்கிய பெருமை எனக்கும், அதற்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிய பெருமை உங்களுக்கும் உரியது. ஆக்சிலின் கதி வேறு. முதல் கியர் ஐந்து மடங்கும் பின் ஆக்சில் நான்கு மடங்கும் பெருக்கினால், 540 நியூட்டன் மீட்டர் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். டயர் வழுக்கி விட்டுக்கொடுக்காத நாளில் ஆக்சில்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் இன்று புதிதாகக் கண்டறியப்பட்ட ஞானம் அன்று. ஆங்கிலேயப் பந்தய ஓட்டுநர் எர்னஸ்ட் எல்ட்ரிட்ஜ் 21.7 லிட்டர் ஃபியட் விமான எஞ்சினுக்கு வண்டி தேடியபோது, கையில் கிடைத்த ஏதோ ஒன்றை எடுக்கவில்லை. 18 லிட்டர் எஞ்சினைச் சுமப்பதற்கென்றே 1908இல் கட்டப்பட்ட ஃபியட் பந்தய வண்டியைத் தேர்ந்தார். அதுவும் போதாமல், பேருந்துச் சேசிஸின் பாகங்களைக் கொண்டு அடிச்சட்டத்தை நீட்டினார். அந்த வண்டிதான் 1924 ஜூலையில் பிரான்சின் அர்பஜோனில் மணிக்கு 234.98 கிலோமீட்டர் ஓடி உலக வேகச் சாதனை படைத்தது. பதினெட்டு லிட்டரிலிருந்து 21.7 லிட்டருக்குப் போவதற்கே அவருக்கு அவ்வளவு தயக்கம் இருந்தது. அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பியும் 1962இல் ஏசி ஏஸ் என்ற பிரிட்டிஷ் காரின் இலகுவான சேசிஸில் 4.3 லிட்டர் ஃபோர்டு வி8ஐ (எட்டு சிலிண்டர் எஞ்சினை) வைத்தார், ஓடியது. 7 லிட்டருக்குப் போனபோது அதே சேசிஸை நம்பவில்லை. 3 அங்குலமாக இருந்த முதன்மைக் குழாய்கள் 4 அங்குலமாயின, பட்டை ஸ்பிரிங்குகள் போய்ச் சுருள் ஸ்பிரிங்குகள் வந்தன.

தொழிற்சாலைகளே தடுமாறிய இடம் இது. 1964இல் வந்த சன்பீம் டைகர் என்ற பிரிட்டிஷ் காரில் அதே 4.3 லிட்டர் வி8ஐ நுழைப்பதற்கு ஸ்டீயரிங் அமைப்பையே மாற்றினார்கள். அப்படியும் ஒரு ஸ்பார்க் பிளக்கை மட்டும் முன்தடுப்பில் துளையிட்டு, வண்டிக்குள்ளிருந்துதான் கழற்ற முடிந்தது. பின்னர் அதைத் தயாரித்த நிறுவனம் அமெரிக்காவின் கிரைஸ்லர் கைக்குப் போனது. கிரைஸ்லரின் சொந்த வி8இல், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருந்ததால் அது அந்த இடத்தில் அடங்கவில்லை, 1967இல் டைகரே நின்றது. ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒரு வண்டியின் ஆயுளை முடிக்கும் என்றால், "நீளம் போதும்" என்ற இரண்டு சொற்களுக்கு என்ன மதிப்பு?

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. ஆனால் நம் சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் புரட்டும்போது உயராமல் இருப்பது கடினம். சின்னம் கிரில்லின் மேல் எத்தனை விரற்கடை தள்ளி இருக்க வேண்டும், இருக்கை உறையின் தையல் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பவற்றுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கிறது. எஞ்சின் மாற்றத்துக்கு ஒரே பத்தி, அதில் அடிச்சட்டம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. தையல் நிறம் தவறினால் யாரும் சாலையில் உருள்வதில்லை. ஊர்வலத்தில் வண்டி பார்க்க வருகிறவர்களும் பானெட்டைத் திறந்து "உட்கார்ந்துவிட்டதே!" என்று வியக்கிறார்கள், உட்கார்ந்தது எதன் மேல் என்று குனிந்து பார்ப்பவர் அபூர்வம்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். விண்ணப்பம் வந்ததும், அசல் எஞ்சின் இருக்கும் நிலையிலேயே முன் ஆக்சிலைத் தனியாக எடை போடச் சொல்லுங்கள். புதிய எஞ்சின் அதைவிட எவ்வளவு கூடுதல் எடை என்பதைக் கூட்டிப் பார்த்து, ஆக்சிலுக்கு உரிய வரம்பைத் தாண்டினால் அப்போதே மறுத்துவிடுங்கள். சட்டம் திறந்ததா மூடியதா, குறுக்குச் சட்டமும் ஸ்டீயரிங் கம்பியும் சம்புக்கு எங்கே வருகின்றன, பிரேக் கம்பியால் இயங்குவதா எண்ணெயால் இயங்குவதா என்று கேளுங்கள். ஃபோர்டு கார்கள் 1939இல்தான் எண்ணெய்ப் பிரேக்குக்கு மாறின என்பதை நீங்கள் அறிவீர்கள். பின் சக்கரத்தின் உந்துவிசை பட்டை ஸ்பிரிங் வழியாகச் சட்டத்துக்குப் போகிறதா, சுழலும் தண்டை மூடியிருக்கும் உருளைக் குழாய் வழியாகக் கியர்பாக்ஸுக்கே போகிறதா என்றும் கேளுங்கள்; 1948 வரை வந்த ஃபோர்டு கார்களில் இரண்டாவது முறைதான், கியர்பாக்ஸை மாற்றுகிறவர் பின் ஆக்சிலின் பிடிப்பையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை இது.

பொருந்தாது என்று சொல்வதோடு நிற்காமல், எது பொருந்தும் என்றும் சொல்ல வேண்டும் என்பது என் கூடுதல் வேண்டுகோள். 1946 முதல் விற்கப்பட்ட டாட்ஜ் பவர் வேகனைப் போன்ற ஒரு டன் சரக்கு வண்டிகள் ஏணி போன்ற கனத்த சட்டமும் உயரமான முன்புறமும் கொண்டவை. அவற்றின் ஆக்சில் விகிதத்தை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். சலூனின் வளைவுகளில் நான் மயங்கியிருந்த நாளில் அப்படிப்பட்ட ஒன்றைக் காட்டி, "இதைப் பாருங்கள்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் முகம் சுளித்திருப்பேன், உண்மைதான். கேட்டும் இருப்பேன்.

சலூனிலிருந்து எஞ்சினை இறக்கிவிட்டேன். கதவு இப்போது ஜாக்கி இல்லாமலே மூடுகிறது. வெட்டிய முன்தடுப்பைப் பழையபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையே பழைய சரக்கு வண்டியின் சேசிஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் சட்டத்தின் உயரம், தகட்டின் கனம், குறுக்குச் சட்டங்களின் இடம், முன் ஆக்சிலின் எடை ஆகியவற்றை அளந்து இந்த மடலோடு தனித்தாளில் இணைத்திருக்கிறேன். தயவுகூர்ந்து அவற்றைப் பார்த்து, பொருந்தும் அல்லது பொருந்தாது என்று காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். உங்கள் பதில் வரும்வரை அதில் ஒரு துளைகூடப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் நெடுநாள் உறுப்பினர்