மேல்மாடி வேண்டாம் மனே, ஆடிக்கு வா

அன்பு மகனுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நல்ல சுகம். நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ சொன்னதற்கு நான் ஒன்றும் பேசவில்லை. "வீட்டை உடைச்சு மேல்மாடி வைச்சுக் கட்டுங்க அப்பா, காசு நான் அனுப்புறன்" என்றாய். போனை வைத்த பிறகு கொம்மா கனநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அவன்ட கண்ணைப் பாத்தீங்களா? நித்திரை இல்லாத கண்" என்றா. கனடாவில் பகல் ஒரு வேலை, இரவு ஒரு வேலை என்று நீ ஓடுவது எங்களுக்குத் தெரியும். அந்த இரவு வேலை இந்த மேல்மாடிக்காகத்தான் என்றால் எங்களுக்கு அது வேண்டாம் மனே. போனில் சொன்னால் மறித்துப் பேசுவாய். அதுதான் எழுதுகிறேன்.

இந்த வீடு 500 சதுர அடி. கொம்மாவுக்குச் சீதனமாக வந்த பழைய கல்வீட்டை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன பிறகு கட்டித் தந்தது. உனக்கு அப்போது 14 வயது, மறந்திருக்க மாட்டாய். மூன்றாம் நாள் நானும் கொம்மாவும் கல்லடிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது, அவவின் தேக்கு அலுமாரி வாவிப் பக்கம் சேற்றில் குப்புறக் கிடந்தது. கூறைச்சேலை, நகைப்பெட்டி எல்லாம் அதற்குள்தான். நான் இழுத்து நிமிர்த்தப் போனேன். "விடுங்க, பிள்ளையள் மூணும் இருக்கு, வாங்க போவம்" என்று சொல்லிவிட்டு அவ முன்னால் நடந்தா. அலுமாரியை அவ திரும்பிப் பார்க்கவே இல்லை.

அகதி முகாமில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள் எத்தனை குடும்பம் இருந்தோம். ஒரு இரவு, பேரப்பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு ஆச்சி என்னைப் பார்த்து, "தம்பி, நீ கூத்தாடின ஆள்தானே, ஒரு பாட்டுப் படியன்" என்று கேட்டா. என் சதங்கையும் முடியும் அலையோடு போய்விட்டன. மத்தளமும் இல்லை. யாரோ ஒருவர் மா டின்னைக் கவிழ்த்துத் தட்ட, தருமர் எல்லாவற்றையும் தோற்றுக் காட்டுக்குப் போகிற இடத்தைப் படித்தேன். ஒரு வரியும் பிசகவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கன்னன்குடாவில் நான் இளந்தாரியாக இருந்தபோது கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுத்து, அதாவது என் பங்குப் பாட்டை எழுதித் தந்து, மாதக்கணக்காக இரவிரவாக ஆட்டிப் பழக்கிய பாட்டு. ஆச்சி அழுதா, பிறகு கூடப் படித்தா. நீ என் மடியில் தலை வைத்துக் கிடந்தாய்.

இவ்வளவும் பட்டறிந்த நானே பிறகு பிழை விட்டேன். அதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். சண்டை முடிந்து பாதைகள் திறந்ததோடு, தவணைக்குச் சாமான் கொடுக்கிற லீசிங்காரர் வாசலுக்கே வந்தார்கள். அயலில் எல்லாரும் எடுக்கிறார்கள் என்று நானும் ஒரு மோட்டார் சைக்கிளும் பெரிய டிவியும் எடுத்தேன். தவணை கட்ட முடியாமல் ஒரு கடையில் இரவுக் காவலுக்குப் போனேன். மூன்று வருசம். அந்த நேரம் அண்ணாவியார், "புதுப் பொடியன்மாரோட ஒரு கூத்துப் பழக்குறன், நீ திரும்பத் தருமருக்கு ஆட வேணும்" என்று ஆள் அனுப்பினார். இரவு வேலையை விட்டால் தவணை தவறும். போகவில்லை. காலில் சதங்கை கட்டுகிற சதங்கை அணிக்கும் போகவில்லை, அரங்கேற்றத்துக்கும் போகவில்லை. அடுத்த மாரிக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கூத்துக் களரியில் அவர் மத்தளத்துக்கு இன்னொரு தரம் ஆடக் கிடைத்திருந்ததை நானே கைநழுவ விட்டேன். மோட்டார் சைக்கிள் இப்போது முருங்கையடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. டிவி எப்போதோ பழுதாகிவிட்டது. உன் கண்ணைப் பார்த்தால் எனக்கு அந்த மூன்று வருசம்தான் ஞாபகம் வருகிறது.

உன் சின்னவன் அன்றைக்குப் போனில், "அப்பப்பா, மீன் பாடுமா?" என்று கேட்டான். எங்கள் வாவியில் மீன் பாடுகிற கதையை நீ சொல்லியிருக்கிறாய் போல. எனக்கு அது எவ்வளவு சந்தோசம் தெரியுமா? இரவில் தோணி இறக்க முடியாமல் எத்தனை வருசம் இருந்தோம். 2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகுதான் ஒரு பூரணைக்கு உன்னைக் கூட்டிப்போனேன். பழைய பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, லாம்பை அணைத்து, தோணி வலிக்கிற சவளின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியை உன் காதில் வைத்தேன். நீ மூச்சையும் பிடித்துக்கொண்டு இருந்தாய். பிறகு மெல்ல, "அப்பா, குடத்துக்குள்ள தவளை கத்துறாப்போல கேக்குது" என்றாய். அன்றைக்குச் செலவு என்று பார்த்தால் ஒரு பாணும் ரெண்டு வாழைப்பழமும். 20 வருசத்துக்கு மேல் அதைக் கனடா வரைக்கும் கொண்டுபோய் உன் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாய்.

மேல்மாடிக்கு என்று சேர்த்த காசில் நாலு டிக்கெட் வராதா? வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வரச் சொல்லத்தான் ஆசை, ஆனால் யூன் கடைசி வரைக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றாய். அப்படியென்றால் ஆடி அமாவாசைக்கு வாங்க. மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாடலாம். ஒரு மாதம் நின்றால் இடையில் ஒரு பூரணையும் வரும்.

வீடு காணாது என்று யோசிக்காதே. விறாந்தையில் பாய் விரித்தால் எல்லாரும் படுக்கலாம், வாவிக்காற்று வரும். கொம்மா கூனி இறால் வறுத்துச் சம்பல் இடிப்பா, எருமைத் தயிருக்குச் சொல்லி வைப்பா. பெட்டிகளில் சொக்கிலேட்டும் சாமானும் அடைத்துக்கொண்டு வர வேண்டாம். மருமகளுக்கும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு.

டிக்கெட் போட்ட உடனே சொல்லு. தோணியின் அடிப்பலகையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதை அடைக்க ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா
கல்லடி, மட்டக்களப்பு