இறுவட்டைக் கண்டுகொள்ளாத கணினி

ஸ்காபரோ, கனடா
20.02.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். சென்ற மாதம் தொலைபேசியில் கதைத்தபோது, "வாங்கிய கணினி ஓடுகிறதா?" என்று நீங்கள் கேட்டீர்கள். தொலைபேசி அட்டையில் காசு முடியப்போகிறது என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். உண்மையில் அன்று அது ஓடவில்லை. இப்போது ஓடுகிறது. எப்படி ஓடியது என்பதை றேடியோ திருத்துகிற உங்களுக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், எல்லாரும் உடுப்புத் தோய்க்கும் அறையின் சுவரில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்துத்தான் அதை வாங்கினேன். விலை 45 டொலர். இம்மாதம் முதல் இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.45 டொலர் ஆகியிருக்கிறது என்பதால், ஆறு மணித்தியால வேலைக்கு ஒரு கணினி என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பென்ரியம் 3, 128 எம்பி நினைவகம். உள்ளே இருந்த விண்டோஸ் 98 கடவுச்சொல் கேட்டது. எஸ்கேப் விசையை அழுத்தியதும் பேசாமல் வழிவிட்டது. அதற்கு எதற்குப் பூட்டு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் ஒரு பக்கத்தைத் திறக்க ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம் என்ற வேகத்தில் அது இருந்தபடியால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவத் தீர்மானித்தேன்.

புது விண்டோஸ் வாங்க ஒரு வாரக் கூலியில் பெரும்பகுதி போய்விடும். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும், காசு கேட்காத உபுண்டு என்றொரு லினக்ஸ் சென்ற ஒக்டோபரில் வெளிவந்திருக்கிறது. 2002இல் விண்வெளிக்குப் போய்வந்த தென்னாபிரிக்கர் மார்க் ஷட்டில்வர்த்தின் முயற்சி அது. நூலகத்துக் கணினியில் அவர்களுடைய இணையத்தளத்துக்குப் போய் என் முகவரியைக் கொடுத்தேன். சில வாரங்களில் தபால் செலவு கூட இல்லாமல் அதன் இறுவட்டு (சீடி) வீடு தேடி வந்தது.

வந்ததைப் போட்டு இயக்கினேன். இறுவட்டு ஒன்று வயிற்றுக்குள் இருப்பதே தெரியாததுபோல் கணினி நேரே விண்டோஸுக்குள் போனது. மின்சாரம் வந்தவுடன் கணினியின் தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் என்ற சிறு நிரல்தான் முதலில் விழிக்கிறது. எந்தச் சாதனத்தில் தொடக்க நிரல் இருக்கிறது என்று அது ஒரு வரிசைப்படி தேடிப் பார்க்கும். இந்தக் கணினியில் முதலில் நெகிழ்வட்டு (ஃப்ளொப்பி), அடுத்து வன்வட்டு, கடைசியில்தான் இறுவட்டு என்று இருந்தது. வன்வட்டில் விண்டோஸ் அகப்பட்டுவிட்டபின் அது ஏன் மூன்றாவது வாசலைத் தட்டப் போகிறது? தொடங்கும்போது டிலீட் விசையை அழுத்தி, நீலத் திரைக்குள் போய், இறுவட்டை முதலாவதாக்கிச் சேமித்தேன். இரவு வேலைக்கு நேரமாகிவிட்டதால் அணைத்துவிட்டுப் போனேன்.

அடுத்த நாள் வந்து பார்த்தால் வரிசை பழையபடி நெகிழ்வட்டில் நின்றது. மறுபடி மாற்றினேன், மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள்தான் திரையின் ஓரத்தில் திகதியைக் கவனித்தேன்: 1998 ஜனவரி 1. பலகையில் நாணயம்போல் இருக்கும் 3 வோல்ற் பற்றரி செத்துப்போயிருந்தது. பிளக் சுவரில் இருக்கும்வரை அமைப்புகள் மறவாமல் இருக்கும். கழற்றினால் பற்றரிதான் அவற்றைக் காக்க வேண்டும். இடி மின்னலுக்குப் பயந்து அம்மா பழக்கிய பழக்கத்தில், பனி கொட்டும் இந்த மாசியிலும் நான் வேலைக்குப் போகுமுன் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். எல்லாப் பொருளும் ஒரு டொலர் என்று விற்கும் கடையில் புதுப் பற்றரி வாங்கியபோது, ஊரில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிக்கு வழியில்லாமல் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றி நாங்கள் செய்தி கேட்டது நினைவுக்கு வந்தது. அன்று மிதியைச் சுழற்றிய கை என்னுடையது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பற்றரியை மாற்றுவதற்குக் கணினியைத் திறப்பதும் இங்கே இலேசில்லை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிக்கொண்டே இருப்பதால் காற்று காய்ந்துபோய், கம்பளத்தில் நடந்துவந்து கதவுக் குமிழைத் தொட்டால் பொறி பறக்கிறது. அந்தப் பொறி நினைவகத்தைக் கொன்றுவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்ட பிறகே உள்ளே கைவைத்தேன்.

இப்போது வரிசை நிலைத்தது, ஆனாலும் விண்டோஸ்தான் வந்தது. இறுவட்டில்தான் பிழை என்று நினைத்து, கூட வேலை செய்யும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குக் கொண்டுபோய் அவருடைய கணினியில் போட்டேன், உடனே எழும்பியது. ஆகவே குறை என்னுடைய பெட்டிக்குள்தான். "சத்தம் வராத றேடியோவில் ஒன்றை மாற்றினால் ஒன்றை மட்டும் மாற்று" என்று நீங்கள் சொல்வீர்களே, அதை அதுவரை நான் கடைப்பிடிக்கவில்லை. அன்றுதான் கடைப்பிடித்தேன். பயோஸில் வன்வட்டையும் நெகிழ்வட்டையும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, இறுவட்டு ஒன்றை மட்டும் விட்டேன். ஓடித் தப்ப வேறு வாசல் இல்லாதபோது அது உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? தொடக்க வட்டு இல்லை, ஒன்றைச் செருகி என்டரை அழுத்து என்றது. அப்படிச் சொல்லுமுன் மேலே இருந்த ட்ரைவின் விளக்கு இரண்டு தரம் மின்னியது. என் இறுவட்டு இருந்ததோ கீழே இருந்த ட்ரைவில்.

இந்தப் பெட்டியில் சீடி ட்ரைவ் இரண்டு. மேலே இருப்பது பழையது, தட்டு வெளியே வராது என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. கீழே இருப்பது, முன்னைய சொந்தக்காரர் பிறகு சேர்த்த எழுதும் ட்ரைவ். இரண்டும் ஒரே பட்டைக் கம்பியில் தொங்கின. ஒரே கம்பியில் இரண்டு இருந்தால், பின்புறம் இருக்கும் ஜம்பர் என்ற சின்னத் தொப்பியை வைத்து ஒன்றை மாஸ்டர் என்றும் மற்றதைச் சிலேவ் என்றும் குறிக்க வேண்டும். என்னுடைய பயோஸ் மாஸ்டரை மட்டுமே தேடிப் பார்க்கிற ரகம். மாஸ்டராக இருந்ததோ வாய் திறக்காத மேலது. நான் போட்ட இறுவட்டை விண்டோஸ் தடையின்றி வாசித்தபடியால் ட்ரைவின்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வாசிப்பது வேறு, அதிலிருந்து தொடங்குவது வேறு.

மேலதைக் கழற்றினேன். கீழதின் ஜம்பரைச் சிலேவிலிருந்து மாஸ்டருக்கு மாற்றிக் கம்பியின் நுனியில் மாட்டினேன். இயக்கியதும் இறுவட்டு உறுமிச் சுழன்றது. கறுப்புத் திரையில் நிறுவலாமா என்று கேட்டது. என்டரை அழுத்திவிட்டுச் சோறு வைக்கப் போனேன். அன்றிரவு வேலைக்குப் போகுமுன் அது தயாராகிவிட்டது. பழைய விண்டோஸைவிட உண்மையில் வேகமா என்று கேட்டால், கொஞ்சம்தான்.

கழற்றிய ட்ரைவை எறிய மனம் வரவில்லை. முகப்பில் இருக்கும் ஊசித்துளைக்குள் நிமிர்த்திய கடதாசிக் கவ்வியை விட்டுக் குத்தித் தட்டை வெளியே எடுத்தேன். தட்டை இழுக்கும் இறப்பர் பட்டி இழுபட்டுத் தொய்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. இந்த அளவில் பட்டி வாங்க இங்கே கடை எதுவும் நான் கண்டதில்லை. கசற் ரெக்கோடருக்கென்று நீங்கள் தகரப் பேணியில் சேர்த்து வைத்திருப்பவற்றில் ஒன்று பொருந்தலாம். கடிதத்தின் பின்பக்கத்தில் பட்டியை வைத்துச் சுற்றி வரைந்திருக்கிறேன். தொய்ந்த பட்டி என்பதால் அதைவிடச் சற்றுச் சிறியதாகப் பார்த்து, அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்