எது சிறிது நேரம்?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தர்மபுரி–சேலம் நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த செய்தியைப் போன வாரம் போட்டிருந்தீர்கள். 'இதனால் அப்பகுதியில் சிறிது நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது' என்று கடைசி வரி. அந்தச் சிறிது நேரத்தில் நானும் நின்றேன் ஐயா. விடியற்காலை ஐந்தே காலுக்கு நின்ற என் வண்டி ஒன்பது மணிக்குத்தான் நகர்ந்தது. ராயக்கோட்டையில் ஏற்றிய தக்காளி, சேலம் மார்க்கெட்டில் எல்லோரும் வாங்கிப் போன பிறகு போய்ச் சேர்ந்தது. பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

லாரி கவிழ்ந்ததைப் பற்றி நான் பேசவில்லை. வடக்கே இருந்து வருகிற லோடு வண்டிகள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும் உங்களுக்குத் தெரியாததில்லை, 2024 ஜனவரியில் அதே கணவாயின் இரட்டைப் பாலத்தில் நான்கு பேர் இறந்தபோது நீங்களே விரிவாக எழுதினீர்கள். கவிழ்ந்த பிறகு நடப்பதைத்தான் கேட்கிறேன். டிரைவரை 108 வண்டி சீக்கிரமே ஏற்றிக்கொண்டு போனது, அவர்களுக்குக் கோடி நன்றி. ஆனால் லாரி? முதலில் வந்த கிரேனால் சரக்கோடு தூக்க முடியவில்லை. பெரிய கிரேன் வர இரண்டு மணி நேரம். அதுவரை வழியில் சுங்கச்சாவடியில் காசு பிடித்துப் பிடித்து வண்டிகளை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், முன்னால் ரோடு அடைத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. இறக்கத்தில் வரிசையின் கடைசியில் நிற்பவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். கண்ணாடியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், பிரேக் இல்லாமல் இன்னொரு லாரி வந்தால் ஒதுங்க இடமே கிடையாது.

அப்புறம் அந்தக் கற்கள். வண்டி பழுதாகி நின்றால் பின்னால் கல்லையும் மரக்கிளையும் வைக்கிறார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கல்லை எடுப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ராத்திரி பைக்கில் வந்த என் மச்சான் அதில் ஏறி விழுந்தார், இன்றுவரை அவரால் ஒரு பெட்டி தூக்க முடியாது. அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

நாங்கள் கட்டும் சுங்கத்தில் ரோந்து வண்டிக்கும் கிரேனுக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அதை நீங்கள் கேட்டு எழுதினால் நல்லது. முடியாவிட்டால், இனி விபத்துச் செய்தி போடும்போது எத்தனை மணிக்கு நடந்தது, எத்தனை மணிக்கு வழி திறந்தது என்று இரண்டு நேரத்தையும் போடுங்கள். பக்கத்திலேயே தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033 என்றும் ஒரு வரி.

இப்படிக்கு,
வாடகை வண்டி ஓட்டுநர்,
பாலக்கோடு.