தலவாக்கலை அண்ணனுக்கு நன்றி
ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் ஏ7 வீதியில், சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தாண்டியதும் எங்கள் வேன் சூடேறி நின்றுவிட்டது. ஏற்கெனவே வேறொரு கராஜில், "எஞ்சினையே இறக்கணும்" என்றிருந்தார்கள். அம்மா சங்கிலியை அடகு வைக்கவே தயாராகிவிட்டார்.

தலவாக்கலை மெக்கானிக்கான இந்த அண்ணன் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றி, தேத்தண்ணிக்குக் கொதிக்க வைத்த தண்ணீரில் போட்டுக் காட்டினார். சுமார் 80 பாகையில் திறக்க வேண்டிய வால்வு, கொதிக்கிற தண்ணீரிலும் அசையவில்லை. "இதுதான் தங்கச்சி பழுது. எஞ்சின் நல்லா இருக்கு."

சாமான் விலை மட்டும்தான் வாங்கினார். கூலியை எவ்வளவு நீட்டியும் தொடவில்லை. அப்புறம் மழையில் நனைந்தபடி நானுஓயா வரை பைக்கில் பின்னாலேயே வந்தார்.

பெயர் போட வேண்டாம் என்றார், சரி. அண்ணே, சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கிறது. தீபாவளிக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.