இரண்டாம் இயலுக்கு ஒரு வாரம் போதாது

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் சமூகப்பணித் துறைத் தலைவர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும்,

வணக்கம்.

பிப்ரவரி பிறந்துவிட்டால் உங்கள் மாணவர்கள் நூலகத்துக்குப் படையெடுப்பார்கள். தலைப்பு முடிவாகி மாதங்கள் ஆகியிருக்கும். வெயிலில் அலைந்து நூறு பேரிடம் வினாநிரலையும் நிரப்பி வாங்கியிருப்பார்கள். அந்தத் தலைப்பில் முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இரண்டாம் இயல் மட்டும் இருக்காது. "சார், முன்னாய்வுகள் இருபது வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்பார்கள், கத்தரிக்காய் கேட்பதைப் போல. கல்லூரி நூலகம் ஒன்றில் நெடுங்காலம் இருந்து இதைக் கேட்டவன் நான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். யாருக்கும் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

வளர்க்க இயலாத பெற்றோர் பெண் குழந்தையை அரசிடம் விட்டுச் செல்ல வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஒரு மாணவி ஆய்வுக்கு எடுத்திருந்தார். எழுதியதைக் காட்டினார். பிறந்த குழந்தையைப் பெற்றவர்கள் வழக்குக்கு அஞ்சாமல் ஒப்படைத்துவிட்டுப் போக வழிசெய்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1999-இல் கொண்டுவந்த சட்டம் பற்றி ஐந்து பக்கம் இருந்தது. நம் திட்டம் சேலத்தில் தொடங்கியது 1992-இல், அதற்கு ஏழு ஆண்டு முன்பே. பெண்சிசுக் கொலைச் செய்திகளால் பேசப்பட்ட உசிலம்பட்டியின் பெயர் அந்த இயலில் ஓரிடத்திலும் இல்லை. பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் தட்டியதும் இணையம் முதலில் எதை நீட்டியதோ அதை வாங்கிக்கொண்டார். போதாக்குறைக்கு, பாதியாவது வெளிநாட்டு ஆய்வாக இருக்க வேண்டும் என்று நெறியாளரின் கட்டளை வேறு.

"சமூகப்பணி அலமாரி எது சார்?" என்றார். அப்படி ஓர் அலமாரி கிடையாது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் குழந்தை நலம் 362-இல் இருக்கும். பெண்சிசுக் கொலை மக்கள்தொகையோடு சேர்ந்து 304-க்குப் போய்விடும். தத்தெடுப்புச் சட்டம் 346. ஒரே குழந்தை மூன்று அலமாரிகளில் கிடக்கிறது! மூன்றையும் சுற்றி வரவே ஒரு பிற்பகல் போயிற்று.

பிறகு அரசு ஆவணங்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது. தமிழிலேயே இருக்கிறது, அரசின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. சமூக நலத் துறையின் குறிப்புகளைப் பல ஆண்டுகளுக்கு வரிசையாக வைத்துப் படித்தால், ஒரு திட்டம் எப்படி வளர்ந்தது, எந்த ஆண்டு பேச்சு குறைந்தது என்று தெரிந்துவிடும். இரண்டாமாண்டின் கடைசிப் பருவத்தில் இருந்த அந்த மாணவி அப்படி ஒன்று இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டார்.

தேடும் சொல்லையும் யாரோ சொல்லிக்கொடுத்தாக வேண்டும். தமிழ்நாடு 2008-இல் நல வாரியம் அமைத்தபோது அதன் பெயர் அரவாணிகள் நல வாரியம். இன்று திருநங்கை என்கிறோம். இன்றைய சொல்லை மட்டும் தட்டுகிறவருக்கு அன்றைய அரசாணையும் செய்தியும் அகப்படாது. 'மாற்றுத்திறனாளி'க்கும் இதே கதைதான். அதற்கு முந்தைய காகிதங்களில் 'ஊனமுற்றோர்' என்றுதான் இருக்கும். நாம் கைவிட்ட சொற்கள் நூலகப் பட்டியலில் உயிரோடுதான் இருக்கின்றன. கூச்சப்படாமல் அவற்றையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. யாரும் இயல் இயலாக இறக்கிப் படிக்கலாம். மாணவர்கள் அதிலிருந்து பத்தியை எடுக்கிறார்கள், பின்னால் உள்ள நூற்பட்டியலைப் புரட்டுவதில்லை. புதையல் அங்கேதான். ஆய்விதழ்கள் என்று வந்தால் கதை வேறு. ஆய்விதழ்களுக்கு ஒன்றிய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், ஏறத்தாழ 13,000 இதழ்கள். ஆனால் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. நம் மாநிலத்தில் சமூகப்பணித் துறைகள் பலவும் உதவிபெறும் கல்லூரிகளிலும் சுயநிதிக் கல்லூரிகளிலும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று மிட்டாய்க் கடையைப் பார்க்கிறார்கள். இதற்காக நீங்கள் எல்லோரும் சேர்ந்து குரல் கொடுத்ததாக என் காதில் விழவில்லை.

மாணவியின் கதைக்கு வருகிறேன். கடைசியில் எங்கள் கல்லூரியின் பின்னறைக்கு அழைத்துப் போனேன். முதுகலை ஆய்வேடுகள் கருப்புக் காலிகோ அட்டையில், பொன்னெழுத்து மங்கி, கயிறு கட்டிக் கிடந்தன. கட்டை அவிழ்த்ததும் இராமபாணப் பூச்சி ஓடியது. தொண்ணூறுகளில் எழுதிய ஓர் ஏடு கிடைத்தது. அதே திட்டம், அதே துறை. பின்னிணைப்பில் தாய்மார்களிடம் கேட்ட கேள்விகள் முழுதாக இருந்தன. ஒரு பக்க ஓரத்தில் பென்சிலால், "இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அழுதார்கள்" என்று எழுதியிருந்தது. மாணவி தன் வினாநிரலை எடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய அதே கேள்வி அதிலும் இருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதுகலை ஆய்வேடுகள் சோத்கங்காவுக்குப் போவதில்லை. உங்கள் மாவட்டத்துச் சேரியையும் செங்கல் சூளையையும் முதியோர் இல்லத்தையும் பற்றி உங்கள் மாணவர்களே எழுதியவை அவை. வேறெங்கும் பிரதி கிடையாது. இடம் போதவில்லை என்று அவற்றை எடைக்குப் போட்ட துறைகளையும் நான் அறிவேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி வைத்திருக்கிறீர்கள். முதல் பருவத்தில் அதில் நான்கு நாள்களை நூலகத்துக்கு ஒதுக்குங்கள். அறிக்கை கேளுங்கள், மதிப்பெண் போடுங்கள். மதிப்பெண் இல்லாத வேலையை யார் செய்வார்கள்? ஒரு நாள் சென்னை கன்னிமாரா நூலகத்தின் பழைய செய்தித்தாள்களுக்கு, ஒரு நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு. தென்மாவட்டக் கல்லூரியானால் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு. உங்கள் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம் ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். ஆய்வு நிறுவனத்து நூலகங்களில் அது இல்லாமல் வாசலிலேயே தயங்கி நின்று திரும்பிவந்த பிள்ளைகள் உண்டு. இருபது ஆய்வு, பாதி வெளிநாடு என்ற கணக்கைக் கைவிடுங்கள். முழுதாகப் படித்த எட்டுப் போதும்.

உங்கள் துறையின் ஆய்வேடுகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். தலைப்பு, ஆண்டு, எந்த ஊர், யாரிடம் கேட்டது என்ற நான்கு விவரம் போதும். தட்டச்சு செய்ய ஆளில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பகலில் நான் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர்