ஏலத் தொகையும் பிடியரிசிப் பானையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களியக்காவிளையைக் கடந்து கேரளத்துக்குள் சிறிது தொலைவில் தலைமுறைகளாக வசித்துவரும் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டுக்கு மலையாள நாளிதழ் வருகிறது என்றாலும், பேருந்து நிறுத்தத்துக் கடையில் தங்கள் நாளிதழை வாங்கி வாசிக்கும் வழக்கத்தை நான் இன்றளவும் விடவில்லை. கிறிஸ்தவ சபைகள் விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து நன்றி கூறும் அறுப்பின் பண்டிகைக் காலம் வந்தால், இன்ன ஆலயத்தில் ஒரு மட்டி வாழைக்குலை இத்தனை ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று, இன்ன ஆலயத்தில் ஒரு சேவல் அதையும் விஞ்சியது என்றெல்லாம் மாவட்டப் பக்கங்களில் செய்திகள் வருகின்றன. அவற்றை வாசித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆயினும், சபையின் தாராள மனதை அளக்க அந்தத் தொகையே படியாகிவிட்டதோ என்னும் ஐயம் சில ஆண்டுகளாக என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருப்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

ஏலத்தை நான் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்துப் பந்தலில் மரச்சீனிக் கிழங்கும் சேனையும் தேங்காயும் ரப்பர் ஷீட்டும் குவிந்து கிடக்க, ஏலம் கூறுபவர் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று இழுத்து நிறுத்தி, எதிரெதிரே நிற்கும் இரண்டு மைத்துனர்களை மாறி மாறிப் பார்த்தே உசுப்பிவிட்டு, ஐம்பது ரூபாய் பெறாத பூசணிக்காயை இரண்டாயிரத்துக்குக் கொண்டு சேர்ப்பது பார்த்து ரசிக்க வேண்டிய கலை. ஓர் ஆண்டு நானும் அந்த வேகத்தில் சிக்கி, ஓய்வூதியத்தில் நல்லதொரு பகுதியைக் கொடுத்து ஒரு சக்கையை, அதாவது பலாப்பழத்தை, எடுத்தேன். அதைச் சுமந்துகொண்டு வீட்டுப் படியேறியபோது என் மனைவி, "வருக்கையா, கூழனா என்றாவது தட்டிப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். சுளை குழைந்துபோகும் கூழன்தான்.

என் மனக்குறை ஏலத்துக்குப் பின்னர் வாசிக்கப்படும் பட்டியலைப் பற்றியது. அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். ஏனெனில் எங்கள் சபையில் அந்தப் பட்டியலைக் கொண்டுவந்தவனே நான்தான். ஓட்டுக் கூரையை மாற்றிக் கான்கிரீட் போடத் தீர்மானித்த ஆண்டில் கமிட்டிச் செயலாளராக இருந்த நான், கட்டட நிதிக்குக் கொடுத்தவர்களின் பெயர்களைத் தொகை மிகுந்தவரில் தொடங்கிக் குறைந்தவர் வரை வரிசைப்படுத்தி, ஞாயிறுதோறும் வாசித்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினால் வசூல் கூடும் என்று யோசனை சொன்னேன். வசூல் கூடியது உண்மைதான். நான்கு வாரங்கள் தொடர்ந்து கடைசிப் பெயராக வாசிக்கப்பட்டது ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவருடைய குடும்பம். தொகை நூறு ரூபாய். மழைக்காலம் தொடங்கி வெட்டு நின்றுபோயிருந்த நாட்கள் அவை. அந்த நூறு ரூபாயை அவர்கள் எந்தச் செலவைத் தள்ளிவைத்துக் கொடுத்தார்களோ, கர்த்தருக்கே தெரியும். ஐந்தாவது வாரத்திலிருந்து அவர்கள் ஆலயத்துக்கு வரவில்லை. அவர்கள் வரவில்லை என்பதை நாங்கள் உணரவே மூன்று மாதங்கள் ஆயின. அதுவும் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைக் கண்டு யாரும் உணரவில்லை. சந்தாப் புத்தகத்தில் அவர்கள் பெயருக்கு நேரே மூன்று கட்டங்கள் வெறுமையாக இருந்ததைக் கணக்கர் சுட்டிக்காட்டியபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

பின்னர் அந்த வீட்டு மூதாட்டி காலமானபோது, பாக்கியைத் தீர்த்தால்தானே கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று கமிட்டியில் ஒருவர் வாயெடுத்தார். நியமம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. யாரோ ஒருவர், இன்றுவரை யாரென்று எனக்குத் தெரியாது, அந்தத் தொகையைக் கட்டிவிட்டுப் பெயர் எழுதாமல் ரசீது வாங்கிச் சென்றார். அடக்கம் நடந்தது. எங்கள் சபையில் அந்த ஆண்டு நிகழ்ந்த ஆகப்பெரிய கொடை அதுதான் என்று நான் கருதுகிறேன். பட்டியலில் மட்டும் அது இடம்பெறவில்லை.

காணிக்கையைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் மிக விரிவாகப் பேசுகிறவர் பவுல் அப்போஸ்தலர். எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் அவர் பணம் திரட்டியதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு நிருபங்களிலும், அதாவது கடிதங்களிலும், காண்கிறோம். வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம் வரவுக்குத் தக்கதை வீட்டிலேயே எடுத்துவைக்க வேண்டும், தாம் வந்த பின்பு வசூல் நடக்கக் கூடாது என்கிறார். மக்கெதோனியச் சபைகள் கொடிய வறுமையில் இருந்தும் வாரிக் கொடுத்தன என்று புகழ்கிறார். ஆனால் அந்த நிருபங்கள் முழுவதிலும் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற ஒரு குறிப்பும் இல்லை; தொகை என்று ஓர் எண்ணுமே இல்லை. அதே வேளையில் பணத்தைக் கொண்டுபோகத் தம்மோடு சபைகள் தேர்ந்தெடுத்தவர்களையும் அழைத்துச் செல்கிறார். தம்மீது யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று காரணமும் காட்டுகிறார். கணக்கைத் திறந்து காட்டுவதும் கொடுத்தவரைத் தரம்பிரித்துக் காட்டுவதும் வெவ்வேறானவை என்பது இதில் தெளிவாகவே இருக்கிறது. நாங்கள் செய்தது தலைகீழ்: கொடுத்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தோம், செலவுக் கணக்கை ஆண்டுக்கொருமுறை, பசி நேரத்தில், பக்கங்களைத் தள்ளித் தள்ளி வாசித்தோம்.

பவுல் சொன்ன 'வீட்டில் எடுத்துவைப்பது' எங்கள் பகுதியினருக்குப் புதிதன்று. என் தாயார் உலை வைக்கும்போது அளந்தெடுத்த அரிசியைக் கழுவுவதற்கு முன்பு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த சிறு மண்பானையில் போடுவார். சனிக்கிழமை மாலை சபை ஊழியரின் மனைவி ஓலைப்பெட்டியோடு வருவார். பானை அதில் கவிழும். எங்கள் வீட்டுச் சிவப்பரிசி, அடுத்த வீட்டு ரேஷன் அரிசி, வசதியுள்ள வீட்டின் நல்ல புழுங்கலரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். பெட்டி நிறைந்த பிறகு எந்தப் பிடி எவருடையது என்று சொல்ல யாராலும் இயலாது. இந்த வழக்கத்தின் நுட்பமே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆடி மாதத்தில், தந்தையாருக்கு வேலை இல்லாத ஓர் ஆண்டில், அந்த ஓலைப்பெட்டி சனிக்கிழமைக்குப் பதிலாகத் திங்கட்கிழமை விடியுமுன் எங்கள் வீட்டுக்கு வந்தது. வரும்போது நிறைந்தும் போகும்போது வெறுமையாகவும் இருந்தது. மறுவாரம் சனிக்கிழமை தாயார் வழக்கம்போல் தம் பிடியைக் கொடுத்தார். அவர் தலை குனிந்ததாக எனக்கு நினைவில்லை.

கேரளத்தில் இதையே 'பிடியரி' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர், ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டுமானால் மதிய உணவு வேண்டும் என்று கண்டு, அதற்காக வீடுதோறும் பிடியரி திரட்டச் செய்தார். மிசோரம் மாநிலத்துச் சபைகளில் பெண்கள் இவ்வாறு ஒதுக்கும் அரிசி நூறாண்டுகளுக்கும் மேலாகச் சபை ஊழியங்களைத் தாங்கி வருகிறது. சிறு கணக்கு ஒன்று: ஒரு பிடியை 40 கிராம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், நாளுக்கு ஒரு பிடி வீதம் நூறு வீடுகளில் மாதத்துக்கு 120 கிலோ சேரும். எங்கள் சபையில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நாங்களும் இருந்த இடத்திலேயே நின்றோம். ஆலயத்தில் அதிகாலை ஆராதனை தமிழில். அதற்கடுத்தது, பெருந்திரளான மக்கள் வருவது, மலையாளத்தில். அறிவிப்புகள் அச்சாவதும் மலையாளத்தில்தான். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சபையில் மருத்துவ உதவி நிதி ஒன்று ஆண்டுக்கணக்காக இருந்து வருவதே எங்கள் தமிழ் ஆராதனைக்கு வரும் முதிய விதவைகளில் பலருக்குச் சென்ற ஆண்டுவரை தெரியாது. அவர்களில் ஒருவர் கண் அறுவைக்காகத் தம் கம்மலை அடகு வைத்த பிறகே எங்களுக்கு விஷயம் வெளிவந்தது.

ஆதித் திருச்சபையிலும் இதுவே நடந்தது. விசுவாசிகள் சகலத்தையும் பொதுவாய் வைத்து அனுபவித்தார்கள் என்ற பகுதியை நாம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளில் நான்கு ஏடு தள்ளினால், அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமல் போயினர் என்ற முறுமுறுப்பு எழுந்ததையும் அதே நூல் மறைக்காமல் சொல்கிறது. எனக்கு வியப்பளிப்பது அப்போஸ்தலர்கள் கண்ட தீர்வு. முறையிட்டவர்களை அவர்கள் அடக்கவில்லை. கூடுதலாக வசூலிக்கவும் சொல்லவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு முதலிய ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் மொழி தெரிந்தவர்களிடமே சபை தன் பெட்டியின் சாவியைக் கொடுத்தது. எங்கள் உதவி நிதிக் குழுவில் தமிழ் ஆராதனையிலிருந்து இன்றுவரை ஒருவரும் இல்லை. சாதியைப் பற்றியும் இதே கேள்வியை எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். அரை மைல் இடைவெளியில் ஒரே சபைப் பிரிவைச் சேர்ந்த இரண்டு ஆலயங்கள் ஏன் நிற்கின்றன என்று வெளியூர் விருந்தினர் கேட்டால் எங்கள் ஊரில் எல்லாரும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கொடுப்பதும் பெறுவதும் இடம் மாறும்போது என்ன நடக்கும் என்பதை இந்தக் கடற்கரை நமக்குக் காட்டியிருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதல் பூந்துறை வரை எத்தனையோ மீனவர் வீடுகளை இருளச் செய்தபோது, கடலோரம் அல்லாத உட்பகுதிச் சபைகளிலிருந்து அரிசியும் துணியும் போயின. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்தும் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர்ப் பக்கம் போனார்கள். மதமும் வீடும் பாராமல் மக்களை மீட்டார்கள். அரசு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அறிவித்தபோது, அது வேண்டாம் என்று சொன்ன மீனவர்களும் இருந்தார்கள். பவுல் சொன்ன சமநிலை இதுவே: இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறைவை நிரப்பும், நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறைவை நிரப்பும். நாம் 'உதவி பெறுவோர்' என்று ஒரு பதிவேட்டில் நிரந்தரமாக எழுதிவைத்தவர்களிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒருபோதும் கேட்பதில்லை.

பட்டியலை நிறுத்தினால் வசூல் குறையும் என்று எங்கள் கணக்கர் சொல்கிறார். அவர் நேர்மையானவர், ஆலயத்தின் மின்கட்டணம் அவர் தலையில் விடிகிறது. ஓரளவு குறையத்தான் செய்யும். ஆனால் ரசீது எண்ணையும் தொகையையும் மட்டும் பலகையில் போட்டால் சந்தேகத்துக்கு இடமிராது. கொடுத்தவர் தம் எண்ணைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். சந்தா பாக்கிக்கும் கல்லறைக்கும் உள்ள முடிச்சை அவிழ்ப்பதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பத்தில் ஒரு பங்கை, எந்தக் கட்டடத்துக்கும் போகாமல், மழைக்காலத்தில் வேலை நின்றுபோகும் வீடுகளுக்கென்று ஒதுக்கிவைக்கலாம். இம்மூன்றையும் எழுதிக் கமிட்டியிடம் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. இதற்கிடையில் அதிகாலை ஆராதனைக்கு வரும் ஒன்பது வீடுகளில் மட்டும் பிடியரிசி மீண்டும் தொடங்கியிருக்கிறது. மண்பானைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் டப்பா. ரப்பர் வெட்டும் அந்தக் குடும்பத்தை நேரில் சென்று பார்த்து, பட்டியலைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர்கள் இன்னும் ஆலயத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் சென்ற சனிக்கிழமை அந்த வீட்டு அம்மா ஒரு டப்பா கேட்டு ஆள் அனுப்பினார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் பகுதி ஆலயங்களிலிருந்து ஏலச் செய்தி வரும்போது, வாழைக்குலை எத்தனை ரூபாய்க்குப் போயிற்று என்று எழுதும் தங்கள் நிருபர், அந்த ரூபாய் எங்கே போயிற்று என்றும் ஒரு வரி கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பாறசாலை.