கைவேலைப் பக்கத்தில் இரண்டு வயதுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பில் வரும் குழந்தைகளுக்கான கைவேலைப் பக்கத்தை எங்கள் வீட்டில் விடாமல் பார்க்கிறோம். மூத்தவளுக்கு 6 வயது, பிடித்த வாரங்களில் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டியே வைத்துவிடுவாள். இளையவனுக்கு 2 வயது நடக்கிறது. அவனுக்காகத்தான் இந்தக் கடிதம். 5 வயதுக்குக் கீழே குழந்தைகளே கிடையாது என்பது போலத்தான் அந்தப் பக்கம் வருகிறது. ஆனால் வீட்டில் பேப்பரும் பசையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் முதலில் ஓடி வந்து நடுவில் உட்காருவது அந்த ரெண்டு வயசுக்காரன்தானே! அவனை எழுப்பிக் கொண்டுபோய் இன்னொரு அறையில் விட்டுவிட்டுக் கைவேலை செய்யலாம் என்பதெல்லாம் சிறு குழந்தை இருக்கும் வீட்டில் நடக்கிற காரியமா?

பக்கத்தின் அமைப்பையே கொஞ்சம் பாருங்கள். மேலே செய்து முடித்த பொருளின் படம், அழகான காகித ஆந்தை ஒன்று, கீழே அதைச் செய்யும் முறை. 6 வயதுப் பிள்ளைக்கு இது சரி, படத்தைப் பார்த்து அதேபோல் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அந்த வயதில் வந்துவிடுகிறது. 2 வயதுக் குழந்தைக்கு அந்த ஆந்தையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவனுக்குப் பசை விரலில் ஒட்டுவது வேண்டும், காகிதம் கிழியும் சத்தம் வேண்டும், டேப் சுருளை இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறதே அது வேண்டும். படத்தில் இருப்பதைக் கொண்டுவர வேண்டும் என்று பெற்றோர் உட்கார்ந்தால் அம்மாவே வெட்டி, அம்மாவே ஒட்டி, குழந்தையின் கையைப் பிடித்து ஒரு கண்ணை வைக்க வைத்து, அப்புறம் போட்டோவுக்கு அவனைப் பக்கத்தில் நிறுத்துவதில்தான் முடிகிறது. என்னைச் சுற்றியுள்ள எத்தனையோ வீடுகளில் இதைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு நேரமும் குழந்தை ஒரு வேலையும் செய்யவில்லை, செய்ய வந்த கையைத் தட்டிவிட்டதுதான் மிச்சம்.

காகிதம் கிழிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. சின்னக் குழந்தை முதலில் தாளை இரண்டு கையாலும் பிடித்து ரெண்டு பக்கமும் இழுக்கிறது, தாள் கிழிவதில்லை, முகம் சிவக்கிறது. ஓரத்தில் நாம் ஒரு சின்னக் கிழிசல் போட்டுக் கொடுத்தால் ஒரு கை முன்னால் வர வேண்டும், இன்னொரு கை பின்னால் போக வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குப் புரிகிறது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்யும் இந்தப் பழக்கம்தான் பிறகு பொத்தான் போடவும் மூடி திறக்கவும் கத்தரிக்கோல் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. இதில் உங்கள் செய்தித்தாளுக்கே ஒரு விசேஷம் உண்டு. மேலிருந்து கீழாகக் கிழித்தால் நாடா மாதிரி நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஆலையில் தாள் ஓடும் திசையில் அதன் நார்கள் படிந்திருப்பதுதான் காரணம். என் மகன் ஒரு நாள் நீளமாக ஒரு நாடா கிழித்துவிட்டு அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தான், உடனே அடுத்த தாளைக் குறுக்கே கிழித்தான், அது பாதியிலேயே வளைந்து அறுந்துபோனதும் என்னை நிமிர்ந்து பார்த்தான், பிறகு தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். யாரும் சொல்லித் தரவில்லை. (அச்சு மை கையில் ஒட்டும் என்பதால் எதையும் வாயில் வைத்துச் சப்பும் குழந்தைக்கு அச்சடிக்காத தாள் கொடுப்பது நல்லது, முடிந்ததும் கை கழுவிவிட வேண்டும்.)

இந்த மாதிரி விஷயங்களை உங்கள் பக்கத்தில் எழுதலாமே என்பதுதான் என் கோரிக்கை. எந்த வயதில் கை என்ன செய்யும் என்று தெரிந்தால் பெற்றோர் பாதி எரிச்சலில் இருந்து தப்பிப்பார்கள். ஒன்றரை வயது வாக்கில் கிரேயானை முழு முஷ்டியால் பிடித்துக் கிறுக்குவார்கள், அசைவது விரல் இல்லை, தோளும் முழங்கையும்தான். அதனால் சின்ன நோட்டுப் புத்தகம் கொடுத்தால் கோடு தரைக்குத்தான் போகும், பெரிய தாளாகக் கொடுத்து நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். 2 வயதில் நாம் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டால் பார்த்து அதேபோல் போட முயல்வார்கள், வட்டம் வர 3 வயது ஆகும், கத்தரிக்கோலால் ஓரத்தைச் சும்மா நறுக் நறுக்கென்று வெட்டுவதும் 3 வயதை ஒட்டித்தான். முன்னே பின்னே இருக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் 2 வயதுக் குழந்தையிடம் வட்டத்துக்குள்ளேயே வண்ணம் தீட்டச் சொன்னால் அவன் எங்கே போவான்?

ஸ்டிக்கர் ஒட்டுவதும் அப்படித்தான். குழந்தைக்கு ஒட்டுவது சுலபம், உரித்து எடுப்பதுதான் கஷ்டம். ஸ்டிக்கர்களைச் சுற்றியிருக்கும் வெற்றுப் பகுதியை முதலிலேயே நாம் உரித்து எடுத்துவிட்டால் ஒவ்வொரு ஸ்டிக்கரின் ஓரமும் விரலுக்கு அகப்படும், அதன்பின் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். இவ்வளவு சின்னக் குறிப்பு, ஆனால் இது தெரியாத வீட்டில் பத்து நொடிக்கு ஒரு முறை "அம்மா, அம்மா" என்று அழுகைதான்.

அடுத்தது பாதுகாப்பு. இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னிக்கவும். கைவேலைக் குறிப்புகளில் பாசிமணி, ஆடும் பிளாஸ்டிக் கண், பொத்தான், ஜிகினா, குட்டிக் காந்தம் எல்லாம் சர்வசாதாரணமாக வருகின்றன. 6 வயதுப் பெண்ணுக்கு அவை பொருள்கள், பக்கத்தில் தவழ்ந்தும் நடந்தும் வரும் தம்பிக்கு வாயில் போடும் வஸ்துக்கள். 3 வயதுக்குக் கீழான குழந்தைகளின் பொம்மையில் சின்ன பாகங்கள் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. வீட்டில் அந்த உருளைக்கு எங்கே போவது என்று கேட்கலாம், டிஷ்யூ ரோலின் உள்ளே இருக்கும் அட்டைக் குழல் அதைவிடக் கொஞ்சம் அகலம், அதற்குள் போகும் பொருளைச் சின்னவன் பக்கம் கொண்டுவராமல் இருந்தால் போதும். துண்டு கிரேயானுக்கும் இதே கணக்குதான். சின்னத் துண்டாக இருந்தால் விரல் நுனியால் பிடிக்கப் பழகும் என்று சொல்கிறார்கள், அது உண்மைதான், ஆனால் வாயில் வைக்கும் பழக்கம் போகிற வரைக்கும் அந்த யோசனை வேண்டாம்.

பட்டன் பேட்டரி பற்றி இன்னும் தனியாகச் சொல்ல வேண்டும். மினுக்கும் விளக்கு வைத்த வாழ்த்து அட்டை, பாடும் அட்டை என்று கைவேலையில் அதுவும் நுழைந்துவிட்டது. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடுமையாகப் புண்ணாக்கிவிடும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் உருண்டைகளும் அப்படித்தான், வயிற்றுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும். வீட்டிலேயே பிசையும் விளையாட்டு மாவு நல்லதுதான், ஆனால் அதில் உப்பு நிறையச் சேர்ப்பதால் பிய்த்துப் பிய்த்துத் தின்னும் குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளாது, யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே "இத்தனை வயதுக்கு மேல்" என்று ஒரு வரி, "வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தப் பொருளைத் தவிர்க்கவும்" என்று இன்னொரு வரி போட்டால் எவ்வளவு உதவியாக இருக்கும்! இரண்டு வரிக்கு இடம் இல்லாமல் போகாது.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுச் சங்கடம் வேறு. பெரியவள் அரை மணி நேரமாகப் பொறுமையாக ஒட்டிய வீட்டைச் சின்னவன் ஒரு கை வீச்சில் சாய்த்துவிடுவான், அப்புறம் இரண்டு பேரும் அழுவார்கள், கோந்து காய்ந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இப்போது அவளுக்கு மேஜை, அவனுக்குத் தரை. அவள் வெட்டிப்போடும் துண்டுகள் அவனுக்கு. அவளிடம் பசை இருந்தால் அவனிடமும் ஒரு பழைய பிரஷ், ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர். தரையில் தண்ணீரால் பட்டையாக இழுப்பான், ஈரமான இடம் கருப்பாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் இருந்து காய்ந்து மறையத் தொடங்கும். அவன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். மறைந்த இடத்தில் மறுபடி இழுப்பான். துடைக்க வேண்டியதும் இல்லை, கறையும் இல்லை. இந்த ஒரு வேலையில்தான் இரண்டு பேரும் ஒரே அறையில் சண்டை இல்லாமல் உட்காருகிறார்கள்.

சின்னக் குழந்தைக்குப் பொருள் அதிகம் வேண்டும் என்பதும் ஒரு தவறான எண்ணம். 2018-ல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வயதில் இருந்து இரண்டரை வயது வரை உள்ள குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 16 பொம்மைகள் கிடந்தபோது இருந்ததைவிட 4 மட்டும் கிடந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பலவிதமாக விளையாடினார்கள். கைவேலைக்கும் இதைத்தான் நான் பின்பற்றுகிறேன், ஒரு தாள், இரண்டு நிறம், அவ்வளவுதான் வெளியே எடுப்பேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டால் போகட்டும், அந்த வயதுக்கு அது போதும். பத்து நிறப் பெட்டியை அப்படியே கொடுத்தால் கவிழ்த்துக் கொட்டுவதுதான் விளையாட்டாகிவிடும்.

கைவேலைக்கு என்று தனியாக நேரம் ஒதுக்க முடியாத பெற்றோரும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகவும் எழுதுங்கள். துணி காய வைக்கும்போது கிளிப்பை அமுக்கி ஓர் அட்டையின் ஓரத்தில் மாட்டச் சொல்வது, சிந்திய தண்ணீரை ஸ்பான்ஞ்சில் ஒற்றிக் கிண்ணத்தில் பிழியச் சொல்வது, சாக்ஸ் ஜோடி சேர்ப்பது எல்லாமே கைக்குப் பயிற்சிதான். மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரில் சிறு குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கியபோது தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது, பொத்தான் மாட்டுவது போன்ற வீட்டு வேலைகளையே பாடமாக வைத்தார். கிளிப்பை விரல் அமுக்குவதற்கும் பிற்பாடு பென்சில் பிடிப்பதற்கும் ஒரே விரல்கள்தானே வேண்டும்.

கடைசியாக, "செய்து அனுப்புங்கள், சிறந்ததற்குப் பரிசு" என்று நீங்கள் நடத்தும் போட்டி. பெரிய பிள்ளைகளுக்கு நடத்துங்கள், சிறு குழந்தைகளை அதில் சேர்க்காதீர்கள். 1973-ல் வெளிவந்த பிரபலமான ஆய்வு ஒன்றில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளில் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். பிறகு சும்மா விளையாட விட்ட நேரத்தில் அவர்கள் மற்றவர்களைப்போல் பாதி நேரம்தான் வரைவதில் செலவிட்டார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அந்தக் குறைவு வரவில்லை. அதைவிடச் சின்ன குழந்தைகளிடம் பரிசைக் காட்டிக் கிறுக்க வைக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதோடு, போட்டி என்று வந்துவிட்டால் வீட்டில் யார் செய்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

போட்டிக்கு ஒதுக்கும் இடத்தில் ஒன்று செய்யுங்கள். மாதத்தில் ஒரு வாரமாவது அரைப் பக்கத்தை எதுவும் அச்சடிக்காமல் வெறுமனே விட்டுவிடுங்கள், பின்பக்கத்திலும் மை வேண்டாம், மேலே ஓரத்தில் மட்டும் "இது வீட்டில் உள்ள கடைக்குட்டிக்கு" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போதும். விளம்பரத்துக்கு விற்கும் இடம் என்று உங்கள் அலுவலகத்தில் தயங்குவார்கள், தெரியும். கேட்டாவது பாருங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா, உங்கள் வாசகி